புரொஃபசர் பிடித்த கால்

"இந்த நாட்டிலேயே பெரிய சர்க்கரை வியாதி டாக்டர் என் வீட்டுத் தரையில வந்து சப்பணம் போட்டு உட்காருவாரு. என் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, 'ஐயா, அடுத்து நாங்க எதை ஆராய்ச்சி பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க'ன்னு கேட்பாரு."

கனகலிங்கத்தார் இப்படிச் சொன்னபோது, மஜீத் பாயின் ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நின்ற பொம்மைகூடச் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கனகலிங்கத்தாரை நம்புகிறவர்கள் யாரும் கிடையாது. அவர் பேச்சைக் கேட்காமல் போகிறவர்களும் கிடையாது.

அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய ரயில்கள் வேகமெடுத்தன. வேலையில் இருந்த காலத்தில் மாடு குறுக்கே வந்தால் நின்ற வண்டி, கடைத்தெருவில் அவர் வாயில் ஏறியபிறகு யானைக் கூட்டத்தையே ஒதுக்கிக்கொண்டு பறந்தது. சர்க்கரையால் அவருடைய வலது கால் சுண்டுவிரலை எடுத்தபோது, சர்ஜன் தொப்பியைக் கழற்றி அந்த விரலுக்கு மரியாதை செய்தாராம். "சும்மா விரலா பாய்? ஆயுசு பூரா கவர்மெண்ட் சர்வீஸ் பார்த்த விரல்."

அப்துல் மஜீத் இதற்கு நேர் எதிர். மில்காரன் வந்து சாயம் போகாது என்று சத்தியம் செய்தாலும், துணி முனையை எச்சிலில் நனைத்துக் கசக்கிப் பார்த்த பிறகுதான் பேசுவார். அப்படிப்பட்டவருக்கு அப்படிப்பட்ட சிநேகிதர். கடையில் ஆள் குறைவான காலை வேளையில் இருவருக்கும் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் போடாத தேநீர், வரும். ஒருவர் புளுகுவார், மற்றவர் கசக்கிப் பார்ப்பார். பல வருஷமாக இதுதான் நடந்து வந்தது.

"புரொஃபசர் உங்க வீட்டுக்கு வராரு," என்றார் மஜீத் பாய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "வந்து தரையில உட்கார்றாரு. உங்க காலைப் புடிக்கிறாரு. மாஸ்டர், காலையில மருந்து சாப்பிட்டீங்களா இல்லையா?"

"சிரிங்க. சிரிச்சுக்கிட்டே கீழ குனிஞ்சு உங்க காலையும் ஒருதரம் பாருங்க."

பாய் குனியவில்லை. பார்ப்பதற்கு அங்கே சந்தோஷமான காட்சி எதுவும் இல்லை. கடையின் பின்பாதியில் பலகை மேடை, அதன்மேல் சலவை செய்த வெள்ளை விரிப்பு. வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி உட்காருவார்கள். பாய் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்றபடி அவர்கள் முன்னால் துணியை உதறி விரிப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால், புதுத் துணியில் குத்தியிருந்த குண்டூசி ஒன்று விரிப்பில் விழுந்து அவருடைய இடது உள்ளங்காலில் ஏறிவிட்டது. சர்க்கரை அவர் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. வெள்ளை விரிப்பில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டு ஒரு வாடிக்கைக்காரி சொன்ன பிறகுதான் பாய்க்கே விஷயம் தெரிந்தது. புண் இன்னும் ஆறவில்லை. இன்னொரு காயம் அதே காலில் பட்டால் பாதத்தை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாதம்தான் இப்போது கட்டுத்துணியோடு, குண்டூசிகள் உதிரும் அதே விரிப்பின்மேல் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த விசேஷச் செருப்போ, தடித்த அடியும் பட்டை வாருமாக, வாசலில் சமர்த்தாகக் காத்திருந்தது.

"உள்ள போட்டுக்கிட்டா என்ன பாய்?"

"தெருவை மிதிச்ச செருப்போட விரிப்புல ஏறச் சொல்றீங்களா? அதுல விரிச்ச துணியை எந்தப் பொம்பளை வாங்குவா? கல்யாணச் சேலை மாஸ்டர்."

"டாக்டர் கேட்டப்போ தினம் போடுறேன்னு சொன்னீங்களே."

"செருப்பு போடுறீங்களான்னு கேட்டாங்க. போடுறேன்னேன். ரோட்டுல போடுறேன்ல? கடைக்குள்ள என்ன பண்றேன்னு யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. கனகலிங்கத்தார் அன்று காலைதான் அதை முழுசாகப் புரிந்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார்.

எண்பத்தேழாம் ஆண்டு அது. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பாதப் பிரிவில், சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர் மார்க்கிரட் ஒரு காலணி ஆராய்ச்சி நடத்தி வந்தார். சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு விசேஷச் செருப்பு, பாதிப்பேருக்கு வெறும் புத்திமதி. யாருக்குப் புண் குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. செருப்புக்காரர்களுக்கு ஒரே கட்டளை: கண் விழித்ததிலிருந்து படுக்கப்போகும்வரை கழற்றக்கூடாது.

கிளினிக் நாளில் அந்த வராந்தாவைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டு வாசல் தோற்கும். கிள்ளானிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் வந்த செருப்புகள் எல்லாம் பளபளவென்று பாலிஷில் மின்னின. அந்த வெளிச்சத்தில் நர்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பெயர் கூப்பிட்டாள் என்பது கனகலிங்கத்தாரின் சாட்சியம். டாக்டர் மார்க்கிரட் ஒவ்வொருவரையும் கேட்பார்: "எப்பவும் போடுறீங்களா?" ஒவ்வொருவரும் சொல்வார்கள்: "போடுறோம் டாக்டர்." இவ்வளவு படித்த பெண் இவ்வளவு பரிவாகக் கேட்கும்போது, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், செருப்பு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் ஒரே அளவு புண்.

அன்று காலை டாக்டர் மார்க்கிரட் கனகலிங்கத்தாரின் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து ஆளின் செருப்பைத் திருப்பினார். பிறகு வரிசையாக எல்லார் செருப்பையும். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அங்கிள், ஒரு வருஷமா நடந்த செருப்பு. அடி ஏன் தேயவே இல்ல?"

வராந்தாவில் சத்தமே இல்லை. ஸ்டேஷனில் சிக்னல் விழாமல் வண்டி நிற்கிறபோது வருமே, அந்த மாதிரி அமைதி. கடைசியில் காப்பாரில் தோட்டப்புறத்தில் இருக்கும் மாரியாயிதான் வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மா கோவிச்சுக்கக் கூடாது. இம்புட்டு நல்ல செருப்பைச் சேத்துல போட்டு மிதிக்க மனசு வருமா? பிளாஸ்டிக் பையில கட்டி அலமாரில வச்சிருக்கேன். உங்களைப் பார்க்க வரப்போ மட்டும் போட்டுக்குவேன்."

முதலில் சிரித்தது டாக்டர் மார்க்கிரட்தான். சிரித்தபடியே பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துவிட்டார். அதோடு அணை உடைந்தது. வீட்டுக்குள் போட்டால் சம்சாரம் விளக்குமாற்றை எடுப்பாள் என்றார் ஒருவர். மத்தியானக் கோயில் பிரகாரத்தில் கல் கொதித்தது தெரியாமல் சுற்றிவந்து, வீட்டில் பாதத்தைப் பார்த்தால் கொப்புளம் என்றார் இன்னொருவர். குளியலறை, குசினி, சாமி அறை. புண் பட்ட இடமெல்லாம் செருப்புக்கு அனுமதி இல்லாத இடமாகவே இருந்தது.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றார் டாக்டர்.

"நீங்க எங்க கேட்டீங்க, பிள்ளை?" என்றார் கனகலிங்கத்தார்.

டாக்டர் மார்க்கிரட் தேயாத செருப்பு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் புரொஃபசர் தலைமையில் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது, செருப்பால் பயனில்லை என்று ஆராய்ச்சியை மூடிவிடப் போகிறார்கள், அப்புறம் யாருக்கும் செருப்பே கிடையாது என்றார். "நான் போய் இதைச் சொன்னா, நோயாளிங்க சொல் பேச்சு கேட்கலன்னு எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க அங்கிள்."

"அப்ப கமிட்டியை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. காலைப் பத்தி முடிவு பண்றவங்க, கால் இருக்கிற இடத்தை வந்து பார்க்கட்டுமே."

பேச்சு வேகத்தில் சொன்னதுதான். ஆனால் டாக்டர், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்த 'பார்க்கிறேன்' பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள், புரொஃபசர் தரையில் உட்கார்ந்து காலைப் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

மஜீத் பாய் இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வர மாட்டாங்க மாஸ்டர். டாக்டர் சொல்லுவாரு, நாம கேட்போம். அதான் வழக்கம். நாம சொல்லி டாக்டர் கேட்டதை இதுவரைக்கும் யாரு பார்த்திருக்கா?"

"வந்தா நீங்களும் அங்க இருக்கணும்."

"வந்தா பார்ப்போம்லா."

கனகலிங்கத்தார் கடைவாசலில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். பாய் ஒரு காலைத் தாங்கலாக வைத்து, அடுத்த பட்டுச் சேலையை உதறிக்கொண்டிருந்தார். துணியோடு என்னென்ன உதிர்ந்ததோ. கனகலிங்கத்தாருக்கு உலகத்தில் எத்தனையோ காதுகள் உண்டு. நம்பாமல் கேட்கிற காது அது ஒன்றுதான். அந்த மனிதர் கட்டைக்கால் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும், அவருடைய வாயில் எப்போதும் ஓடுகிற வண்டி நின்றுவிட்டது. வீடு வந்து சேரும்வரை ஒரு பொய்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி மீனலோசனி அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு அரிசி களைவதை நிறுத்தினார். அந்த வீட்டில் இன்னும் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே? பெரிய பெரிய டொக்டர்மாரை வரச் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியள். வீட்டில ஒழுங்கான கதிரை இருக்கோ?"

"தரையில இருப்பினம்."

"இருப்பினமாம். சரி, இருக்கட்டும். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். ஆர் வந்தாலும் சப்பாத்து வாசலோட நிக்கவேணும். ராசா வந்தாலும் அதுதான் கதை."

டாக்டர் மார்க்கிரட் எப்படிக் கேட்டாரோ, யாரிடம் எத்தனை தடவை கேட்டாரோ, ஒரு சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. மாரியாயி காப்பாரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து குசினியில் உளுந்து வடைக்கு வெங்காயம் நறுக்கினாள். செருப்பு பிளாஸ்டிக் பையில் இருந்தது. சொன்ன நேரம் கடந்தது. மஜீத் பாய் கூடத்துச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவையும் கனகலிங்கத்தாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி லேட்டா மாஸ்டர்?"

"லைன் கிளியர் கிடைக்கல."

"கேன்சல்னு போர்டு போட்டுடலாமே."

அப்போதுதான் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் மார்க்கிரட், அவருக்குப் பின்னால் ஆராய்ச்சிக் கணக்குகளைப் பார்க்கும் மிஸ் லிம் என்ற சீனப் பெண்மணி, அவர்களுக்கும் பின்னால் புரொஃபசர். நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே நடந்து வந்தவர், வாசற்படி வந்ததும், யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பாகவே, குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். மிஸ் லிம்மும் கழற்றினார். டாக்டர் மார்க்கிரட் எப்போதோ கழற்றி முடித்திருந்தார்.

கனகலிங்கத்தார் நிலைப்படியில் நின்று அந்த மூன்று ஜோடியையும் பார்த்தார். இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பிரசங்கம் எல்லாம் அவருக்கு மறந்துபோய், வாயில் வந்தது இவ்வளவுதான்:

"புரொஃபசர், உங்க வீட்டுலயும் இப்படித்தானா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். புரொஃபசர் ஒரு காலில் காலுறையோடும் மறுகாலில் வெறுமையாகவும் நின்றபடி, வேறு எப்படி என்று கேட்கிற மாதிரி அவரைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கவில்லை. கழற்றி வைத்த சப்பாத்தை ஒருமுறை பார்த்தார், உள்ளே பளிங்குபோல் துடைத்த சிமெந்துத் தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு டாக்டர் மார்க்கிரட்டின் பக்கம் திரும்பி, அந்தக் கட்டளையை நாம் எங்கிருந்து எடுத்தோம் என்று மெதுவாகக் கேட்டார். சீமையில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து என்றார் டாக்டர். அங்கே குளிருக்கு எல்லாரும் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் இருப்பார்கள்.

"நாம் மூவரும்தான் அதில் கையெழுத்துப் போட்டோம்," என்றார் புரொஃபசர். "மூவரும் வீட்டில் வெறுங்கால்."

உள்ளே வந்து, கதிரையைப் பார்க்காமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கனகலிங்கத்தார் மஜீத் பாயை ஓரக்கண்ணால் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பேச்சு லேசில் ஓடவில்லை. மிஸ் லிம்முக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியின் நடுவில் திட்டத்தை மாற்றினால், எதனால் எது நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்றார். "ஓடுற வண்டில எஞ்சினை மாத்தக் கூடாதுங்கறாங்க," என்று கனகலிங்கத்தார் மாரியாயிக்கு மொழிபெயர்த்தார். முதல் ஆராய்ச்சியை உள்ளபடி எழுதி முடித்துவிடுவது, செருப்புகள் போடப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுவது, பிறகு புதிதாக ஒன்று தொடங்குவது என்று முடிவாயிற்று. புதிதாக என்றால் எதை? அங்கேதான் வடை இரண்டாவது தட்டுக்குப் போனது.

மாரியாயி சொன்னாள், வீட்டுக்கென்று தனி ஜோடி வேண்டும், அது தெருவையே பார்க்கக் கூடாது, அடி வெள்ளையாக இருக்க வேண்டும், அழுக்குப் பட்டால் தெரிய வேண்டும். அப்போதுதான் வீட்டுக்காரர்கள் நம்புவார்கள். மிஸ் லிம் அதை எழுதிக்கொண்டார். புண்ணை எண்ணினால் போதுமா என்று மீனலோசனி அம்மா குசினி வாசலிலிருந்து கேட்டார்.

"புண் வரேல்லை எண்டு நீங்கள் சந்தோசப்படுவியள். இவர் புண் வந்திடும் எண்ட பயத்தில கோயிலுக்கே போறேல்லை. வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்து புண் வராட்டி, அதுவும் வெற்றியோ?"

டாக்டர் மார்க்கிரட் அதை மொழிபெயர்த்தார். புரொஃபசர் வடையைக் கீழே வைத்தார். போக நினைத்த இடத்துக்கு ஆள் போக முடிந்ததா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மிஸ் லிம்தான் முதலில் சொன்னார்.

"கோயில், மசூதிக்கு எந்த ஜோடியும் ஆகாதே," என்றார் டாக்டர் மார்க்கிரட். "அங்க என்ன செய்றது?"

இதுவரை வாயைத் திறக்காத மஜீத் பாய் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்காக வந்தவர் இல்லை. நடக்காது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். ஆனால் துணி சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் தப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

"தோல் காலுறை இருக்குல்ல," என்றார், நேராகப் புரொஃபசரிடம், மலாயில். "குஃப். அதைப் போட்டுக்கிட்டு தொழலாம். தொழறதுக்கு முன்னால ஒளு எடுத்துக் கை கால் கழுவறப்போ, ஒரு நாளைக்கு அதைக் கழற்றாம, மேல ஈரக்கையால தடவிக்கிட்டாப் போதும். நம்ம மார்க்கத்துல அனுமதி உண்டு."

"உண்டு," என்றார் புரொஃபசர், நிமிர்ந்து உட்கார்ந்து. "எனக்கு ஏன் இது தோன்றவில்லை?"

"தடிச்ச துணியில, அடியில மெல்லிசாத் தோல் வச்சுத் தச்சா, கோயிலுக்குப் போறவங்களும் போட்டுக்கலாம். அவங்களுக்கு மாட்டுத்தோல் ஆகாது, ரெக்சின் வைக்கலாம். தையல் உள்பக்கம் வரக்கூடாது. வந்தா அந்தத் தையலே புண்ணாக்கிடும். என் கடை மேடைக்கும் அதுதான் சரி. குண்டூசி ஏறாது."

"குண்டூசியா?"

பாய் கட்டுப் போட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டார். புரொஃபசர் கேட்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து வந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்தார்.  புண்ணைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றார் பாய். தன் தாய்க்கும் இப்படித்தான், முவார் வீட்டுக் குசினியில் ஒரு மீன்முள், என்றார் புரொஃபசர்.  

காலைக் கீழே விடாமலே கேட்டார்: "அப்படியானால் நாங்கள் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

மஜீத் பாய் அவர் மடியிலிருந்த தன் காலைக் காட்டினார். "நிக்கிறவனுக்கு எங்க காயம் படுதுன்னு முதல்ல பாருங்க. செருப்பை அப்புறம் தைக்கலாம்."

கனகலிங்கத்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது ஒரு சரித்திரச் சம்பவம்.

பிறகு நடந்ததை அவர் சொல்லிக் கேட்டால், நாடே மூன்று நாள் கொண்டாடியதாகத் தெரியும். உண்மையில் மெதுவாகத்தான் நடந்தது. கமிட்டியில் கனகலிங்கத்தாருக்கும் மாரியாயிக்கும் நாற்காலி கிடைத்தது. முதல் கூட்டத்தில் கனகலிங்கத்தார் ரயில் பாதையின் கதையிலிருந்து ஆரம்பித்ததால், இரண்டாவது கூட்டத்தில் மாரியாயியை முதலில் பேச வைத்தார்கள். வீட்டுச் செருப்பின் முதல் மாதிரி ஈரத் தரையில் வழுக்கியது. அதைப் போட்டுப் பார்த்த மாரியாயி, புண்ணைத் தடுக்கிறேன் என்று இடுப்பை உடைப்பீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அடியை மாற்றினார்கள். காலுறை மாதிரிகளை மஜீத் பாயே கடையில் வெட்டி, தையற்காரரிடம் நின்று தைத்து வாங்கி, தானே போட்டுப் பார்த்தார். இரண்டு மாதிரிகளைத் தூக்கி எறிந்தார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டு விரிப்பில் நின்றார். ஒரு வாடிக்கைக்காரிகூட முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் மாலை காலுறையைக் கழற்றி உதறியபோது, அடியில் ஒரு குண்டூசி வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் ஒன்றுமில்லை.

ஆராய்ச்சியின் விடை வர இன்னும் காலம் கிடந்தது. ஆனால் அடுத்த ஹரி ராயா பெருநாள் வருவதற்குள் பாயின் உள்ளங்காலில் இருந்த புண், வெளுத்த தழும்பாக மூடிக்கொண்டது. அதைக் கண்ட அன்று கனகலிங்கத்தார் கடைக்கு வந்து, பேசாமல் தே ஓ கோசோங்கைக் குடித்துவிட்டுப் போனார்.

பாய் மட்டும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எங்கும் வாயைத் திறப்பதில்லை. கனகலிங்கத்தார் கடையில் அந்தக் கதையை எடுத்தால், பாய் உடனே யாருக்காவது விலை சொல்ல ஆரம்பித்துவிடுவார். சிநேகிதர் சொன்னது ஒன்று பலித்துவிட்டது என்று ஊரில் தெரிந்தால், அப்புறம் யானைக் கதைகளையும் அல்லவா நம்ப வேண்டிவரும்.

அடுத்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் ரெங்கசாமி என்பவர் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தார். மேடையேறச் செருப்பைக் கழற்றியபோது, குதிகாலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. கனகலிங்கத்தாரின் கண் அங்கே போய் நின்றது.

"என்ன தம்பி குதிகால்ல?"

"ஒண்ணுமில்லண்ணே. கொப்புளம். ரொம்ப நாளா இருக்கு."

"சுகர் இருக்கா?"

"இருக்குன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போறதில்லண்ணே. போனா அதைப் போடாத, இதைச் செய்யாதன்னு திட்டுவாங்க. தடிச்ச செருப்பைப் போட்டுக்கிட்டு நான் எப்படிக் கிளச்சை மிதிக்கிறது? அதைக் கேட்டா பதில் சொல்ல ஆளில்ல."

அவ்வளவுதான், கனகலிங்கத்தாரின் வண்டி புறப்பட்டுவிட்டது. அவங்களே வந்து கேட்பாங்க தம்பி என்றார். பன்னிரண்டு புரொஃபசர்கள் கோட்டும் சூட்டுமாகத் தன் வீட்டுக்கு வந்தது, வாசலில் சப்பாத்துக்கு இடமில்லாமல் பக்கத்து வீடுவரை வரிசை போனது, பெரிய புரொஃபசர் தரையில் விழுந்து காலைப் பிடித்து, எங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்களே என்று தேம்பித் தேம்பி அழுதது எல்லாம் வந்தது. ரெங்கசாமி சிரித்தார். சிரிப்போடு துணியைப் புரட்டினார்.

"நல்லாத்தான் சொல்றீங்கண்ணே. எந்த டாக்டர் லோரிக்காரன் காலைப் புடிச்சு யோசனை கேட்கப் போறான்? மூணு மீட்டர் வெட்டுங்க பாய், நான் கிளம்பணும்."

கனகலிங்கத்தாருக்குச் சுருக்கென்றது. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் இந்த மனிதன் ஒருவேளை நம்பியிருப்பான். பூசிப் பூசியே கெடுத்துவிட்டோமே. அந்தக் குதிகால் போர்ட் கிள்ளானுக்குத் திரும்பிப் போனால் அதன் கதை எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியும். அவர் மஜீத் பாயைப் பார்த்தார். பாய் அளவுகோலால் துணியை அளந்துகொண்டிருந்தார். மூன்று மீட்டரை வெட்டினார், மடித்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பாய், இந்தாளு சொல்றது நெசமா?" என்றார் ரெங்கசாமி, சும்மா ஒரு பேச்சுக்கு.

பாய் துணியை மேடையில் வைத்துவிட்டு ரெங்கசாமியின் எதிரே உட்கார்ந்தார். இடது காலுறையைக் கழற்றி, உள்ளங்காலைத் திருப்பித் தழும்பைக் காட்டினார்.

"பன்னெண்டு பேர் இல்ல, மூணு பேர்," என்றார். "யாரும் அழல. புடிச்சது இவரு காலும் இல்ல, இந்தக் காலு. மடியில வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு, அடுத்து எதைப் பார்க்கணும்னு. நான் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. புதன்கிழமை வா, நானே கூட்டிட்டுப் போறேன், கிளச்சு விஷயத்தை நீயே சொல்லு." கனகலிங்கத்தாரின் பக்கம் திரும்பாமலே, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நடந்துச்சுலா. நான் பார்த்தேன்."